பஸ் விளக்கில் எடுத்த படம்

சாயங்காலத்தில் வெளியே எடுக்கும் படம் ஏன் ஆடிப்போகிறது என்றுதான் ஸ்டூடியோவுக்குப் புதிதாக வந்த நீங்கள் எல்லோரும் என்னைக் கேட்கிறீர்கள். ஃபிளாஷ் போட்டால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல் வெளுக்கிறது, போடாவிட்டால் எல்லாமே கரைந்துபோகிறது, சட்டைப் பையில் போடுகிற சின்ன கேமராவில் இதற்கு மேல் வராதா என்கிறீர்கள். வரும். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதை நீங்களே பழகிக்கொள்வீர்கள், அதற்கு நான் வேண்டாம். கவரைப்பேட்டை பஸ் நிறுத்தத்தில் ஒரு படம் எடுக்க நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். என் முழு வேலைக்காலத்திலும் மங்கிய வெளிச்சத்தைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி அந்த ஒரு படத்தில் கற்றதுதான்.

அப்போது நான் திருவள்ளூர் ஸ்டூடியோவிலிருந்து தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய், வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைத் துணி, ஒரு முக்காலி, ஒரு சின்ன கேமரா. பெரிய கேமராவைக் கொண்டுபோனால் வாசலில் செக்யூரிட்டி பையைப் பிரித்துப் போட்டு, யாரைக் கேட்டு வந்தாய் என்று ஆரம்பித்துவிடுவார். சோப்பு டப்பா அளவில் இருந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. காக்களூரில் காலையில் ஒரு இடம், கும்மிடிப்பூண்டியில் மதியம் ஒரு இடம் என்று ஸ்கூட்டியில் சுற்றுவேன். திரும்பும்போது பெரும்பாலும் பொழுது சாய்ந்திருக்கும். ஏரிகளின் மேல் ஒரு நீலம் இறங்கும். புகைபோக்கிகளின் நுனியில் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். வயலும் ஷெட்டும் ஒரே நிறமாகிவிடும். அந்த நேரத்தில் வண்டி ஓட்டுவது தூக்கத்தில் போவது போல இருக்கும். அதைப் படமாக எடுத்துப் பார்த்தால் வெறும் கறுப்புத்தான் வரும். இது வராது என்று நானும் விட்டுவிட்டேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் மேரி என்ற பெண்ணைப் படமெடுத்தேன். முக்காலியிலிருந்து எழுந்தவள் போகாமல் நின்றாள்.

"அக்கா, வெளிய வந்து போட்டோ எடுப்பீங்களா?"

"என்ன, கல்யாணமா?"

"அதெல்லாம் ஆயி புள்ளையே கீதுக்கா. எங்க மூணு பேரையும் எடுக்கணும். கவரைப்பேட்ட பஸ் ஸ்டாப்புல."

எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து எடுத்துத் தருகிறேனே என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"அது எல்லாரும் எடுக்கறதுதான்க்கா. எனுக்கு இதான் வேணும்."

பிறகு சொன்னாள். அவளுக்குப் பகல் வேலை. கணவன் ஏழுமலைக்குத் தேர்வாய் கண்டிகையில் இரவு வேலை. இருவரும் விரும்பிச் செய்துகொண்ட திருமணம். அவள் வீட்டிலும் அவன் வீட்டிலும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்ததால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. பகலெல்லாம் குழந்தை அவனிடம், இரவெல்லாம் இவளிடம். இவளை இறக்கிவிடும் கம்பெனி பஸ்ஸும் அவனை ஏற்றிக்கொள்ளும் கம்பெனி பஸ்ஸும் சாயங்காலத்தில் ஒரே நிறுத்தத்தில் நிற்கும்.

"நான் எறங்குவேன், அவரு ஏறுவாரு. நடுவுல புள்ளைய மாத்திக்குவோம். காலைல அவரு ஊட்டுக்கு வரப்பவே நான் ஓடிடுவேன். வேலை நாள்ல அந்த நேரம் மட்டுந்தான் மூணு பேரும் ஒண்ணா நிப்போம்."

"தினமும் நடக்கிறதுதானே. இப்போது ஏன் படம்?"

"முடியப்போவுதுக்கா," என்றாள். குரல் இறங்கியது. "ராத்திரி பூரா நின்னுக்கினு வேலை செய்யறாரு. போன வாரம் பகல்ல அசந்து தூங்கிட்டாரு. புள்ள கதவத் தள்ளிக்கினு ரோட்டாண்ட போயி நின்னுக்கினு கீது. லாரி போவுற ரோடு. டீக்கடைக்காரரு பாத்துத் தூக்கியாந்தாரு. அதான் சூலூர்பேட்டைல எங்க அக்கா ஊட்ல கொண்டுபோயி உடப்போறோம். அது ஒருத்திதான் எங்ககூடப் பேசுது. நாளைக்குப் புள்ள பெரிசானா கேக்கும்ல, ஏம்மா என்ன அங்க உட்டீங்கன்னு. சும்மா உடலடி, இப்பிடிக் கைமாத்திக் கைமாத்திதான் உன்ன வெச்சிக்கினு இருந்தோம்னு காட்டணும்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எளிதான வேலை என்றுதான் நினைத்தேன்.

முதல் நாள் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டேன். பக்கத்தில் போனால் அவர்கள் கூச்சப்படுவார்கள், தூரத்திலிருந்து ஜூம் செய்துகொள்ளலாம் என்பது என் கணக்கு. ஏழுமலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தான். மெலிந்த ஆள், தோளில் சாப்பாட்டுப் பை. குழந்தையை அவர்கள் பிங்கி என்று கூப்பிட்டார்கள். அவள் அவன் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். மேரியின் பஸ் வந்தது. பின்னாலேயே அவன் பஸ். மேரி இறங்கி நாலு எட்டு ஓடிவந்தாள், குழந்தை இரண்டு கையையும் நீட்டியது, அவன் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள், அவன் ஏறிவிட்டான். அவ்வளவுதான். நான் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். ஸ்டூடியோவில் போட்டுப் பார்த்தபோது, நின்றிருந்த பஸ்ஸின் பலகை ஓரளவு படிக்க வந்தது. மூன்று பேரும் புகை. ஜூமை நீட்ட நீட்ட இந்தச் சின்ன கேமராக்கள் வெளிச்சத்தைக் குறைவாகத்தான் உள்ளே விடும், கை நடுக்கத்தைப் பெரிதாக்கியும் காட்டும். வெளிச்சம் இல்லாத இடத்தில் தூரமாக நிற்பது மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பலன் இது.

அடுத்த நாள் வேறு வழி பார்த்தேன். மேரியை ஒரு மணி நேரம் முன்னதாக அனுமதி கேட்டு வரச் சொன்னேன். டீக்கடை டியூப்லைட்டின் கீழே மூவரையும் நிறுத்தி, ஆடாமல் நில்லுங்கள் என்றேன். படம் கத்தி மாதிரி தெளிவாக வந்தது. மேரியிடம் திரையைக் காட்டினேன்.

"நல்லாத்தான் கீதுக்கா," என்றாள்.

அந்தத் 'தான்' எனக்குக் கேட்டது. இருவரும் அடையாள அட்டைக்கு உட்கார்வது போலத் தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். குழந்தை மட்டும் பஸ் வரும் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கேட்டது இந்தப் படத்தை இல்லை என்று எனக்கே தெரிந்தது. பணம் வாங்கிக்கொள்ளாமல் கிளம்பினேன். பிறகு இரண்டு மூன்று நாள் மழை பிடித்துக்கொண்டது. மேரி போன் செய்தாள்.

"ஞாயித்துக்கெழம காலைல புள்ளையக் கூட்டிக்கினு போறோம்க்கா. சனிக்கெழம ஒருநாள்தான் கீது."

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. தார்ச்சாலை ஈரத்தில் வானம் தெரிந்தது. மேகம் கலைந்த இடத்தில் வெளிர்நீலமும் அடியில் ஒரு கீற்றுச் செம்மண் நிறமும் இருந்தன. லாரிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. நான் டீக்கடை ஓரமாக, அவர்களுக்கு ஐந்தாறு அடி தள்ளி இடம் பார்த்து வைத்தேன். ஏழுமலை வந்தான். குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான், வரவில்லை.

அன்றைக்கு முதலில் வந்தது அவன் பஸ். மேரியின் பஸ்ஸைக் காணவில்லை. டிரைவர் ஹார்ன் அடித்தார்.

"ஏறுப்பா ஏழுமலை. இன்னா நின்னுக்கினு கீற?"

"அண்ணே, மேரி இன்னும் வரல. கொஞ்சம் இருண்ணே."

வானத்திலிருந்த நீலம் எங்கள் கண் முன்னாலேயே வடிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துத் தெருவிளக்கும் டீக்கடை டியூப்லைட்டும் மழையில் கெட்டிருந்தன. பஸ்ஸுக்குள்ளே ஒரே ஒரு சின்ன விளக்கு. கேமராவைத் தூக்கிப் பார்த்தேன். திரையில் ஏழுமலைக்கு முகமே இல்லை.

அந்த நேரத்தில் மேரியின் பஸ் வந்து பின்னால் நின்றது. அவள் இறங்கி ஓடிவருகிறாள். எனக்கு ஃபிளாஷ் ஒன்றுதான் மிச்சம் போலத் தோன்றியது. விரல் அந்தப் பொத்தானுக்குப் போய்விட்டது. போட்டிருந்தால் மூன்று வெள்ளை முகங்களும் பின்னால் கறுப்பும் கிடைத்திருக்கும். குழந்தை மிரண்டு அழுதிருக்கும். அவர்களுடைய சாயங்காலம் அதில் இருந்திருக்காது. ஆனால் ஏதாவது ஒரு படம் இருந்திருக்கும், இல்லையா? ஒன்றும் இல்லாமல் போவதைவிட அது மேலில்லையா? விரலை வைத்துக்கொண்டு நான் யோசித்தது ஒரு மூச்சு நேரம் இருக்கும்.

எனக்கு முன்பு எங்கள் ஸ்டூடியோவில் வேலை செய்த ஒரு பெண்மணி இருந்தார். ஊர்வலம், தேர்தல் கூட்டம் என்று வெளிவேலை முழுக்க அவர்தான். பாடம் சொல்லித் தருகிற ஆள் கிடையாது, வாயைத் திறந்தால் திட்டுதான். ஒருமுறை நான் வெளிச்சம் போதவில்லை என்று புலம்பியபோது, "கேமராவப் பாத்துக்கினே இருந்தா? தலையத் தூக்கிச் சுத்திப் பாரு. எவனாவது லைட்ட வெச்சிக்கினு சும்மா ஒக்காந்துகினு இருப்பான்" என்றார். அது அப்போது ஞாபகம் வந்தது. தலையைத் தூக்கினேன். எதிரில் டிரைவர் உட்கார்ந்திருந்தார்.

ஓடிப்போய் அவர் பக்கத்துக் கதவைத் தட்டினேன்.

"அண்ணா, உள்ளே இருக்கிற லைட்டு அத்தனையும் போடுங்க. இன்ஜினை அணைச்சிடுங்க. ஒரே நிமிஷம்."

"யாரும்மா நீ? லேட்டானா கேட்ல என்னத்தான் கேப்பான்."

"நாளைக்கு இந்தக் குழந்தை ஊருக்குப் போகுதுண்ணா. மூணு பேரும் ஒண்ணா நிக்கிறது இன்னைக்குத்தான்."

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "போடுண்ணே. நம்ம ஏழுமல புள்ள." இன்னொரு குரல், "லேட்டானா நாங்க சொல்லிக்கறோம், போடு." டிரைவர் "பேஜாரு புடிச்ச வேல" என்று முனகிக்கொண்டே கையை நீட்டினார்.

பஸ் முழுக்க வெளிச்சமானது. பிறகு இன்ஜின் அடங்கியது. நெடுஞ்சாலை இரைச்சல் எங்கேயோ தள்ளிப்போனது போல் இருந்தது. ஜன்னல்களிலிருந்தும் திறந்த கதவிலிருந்தும் மஞ்சள் வெளிச்சம் ஈரத்தரையில் விழுந்து, மூன்று பேர் மீதும் ஏறியது. அதிர்ந்துகொண்டிருந்த ஜன்னல்கள் அசையாமல் நின்றன. ஒவ்வொரு ஜன்னலிலும் முகங்கள்.

டீக்கடை வாசலில் பால் பாக்கெட் கூடை ஒன்று கவிழ்ந்திருந்தது. அதை இழுத்துப் போட்டு, கைக்குட்டையை மடித்து மேலே வைத்து, அதன் மேல் கேமராவை வைத்தேன். ஜூம் எதுவும் இல்லாமல், ஃபிளாஷை அணைத்து, பொத்தானை அழுத்தி இரண்டு விநாடி கழித்துப் படம் எடுக்கும்படி வைத்தேன். நம் விரல் அழுத்துகிற ஆட்டம்கூட அதில் சேரக்கூடாது. தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். புடவை சேறானது.

ஆடாமல் நில்லுங்கள் என்று இந்த முறை சொல்லவில்லை. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேனே. "குழந்தையைப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

மேரி வாங்கிக்கொண்டாள். குழந்தை அவள் தோளுக்குப் போனது. பஸ் ஏன் இப்படி ஜொலிக்கிறது என்று திரும்பிப் பார்த்தது. இத்தனை முகங்கள் தன்னையே பார்ப்பதைக் கண்டு அப்படியே அசையாமல் இருந்துவிட்டது. வாய் திறந்தபடி, கை பாதி நீட்டியபடி. பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்று இருப்பவர்கள் போல இருந்தார்கள். கேமரா தன் கண்ணைத் திறந்து, மெதுவாக மூடியது. மறுபடி அழுத்தினேன். மறுபடி.

"ஆச்சாம்மா?" என்றார் டிரைவர்.

"ஆச்சுண்ணா."

இன்ஜின் உறுமியது. ஏழுமலை ஏறினான். டிரைவர் உள்விளக்கை அணைக்க மறந்துவிட்டாரோ, வேண்டுமென்றே விட்டாரோ தெரியவில்லை. பஸ் அந்த வெளிச்சத்தோடேயே தேர்வாய் கண்டிகைப் பக்கம் போனது. ஈரச் சாலையில் அதன் பிம்பமும் கூடவே எரிந்துகொண்டு போனது. வளைவில் மறையும்வரை மேரி பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

"வந்துச்சாக்கா?"

வந்தது என்றேன். உண்மையில் எனக்கு அப்போது தெரியாது. அந்தச் சின்னத் திரையில் எல்லாப் படமும் தெளிவாகத்தான் தெரியும். அதை நம்பி யாருக்கும் நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஸ்டூடியோவில் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் இரண்டில் மேரி அசைந்திருந்தாள். மூன்றாவது வந்திருந்தது. மணல் தூவினது போல் புள்ளிகள் இருந்தன. மங்கிய வெளிச்சத்தில் அது இருக்கும். பின்னால் கடைசி நீலம், முன்னால் பஸ்ஸின் மஞ்சள், நடுவில் மூன்று பேர். கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கலாமே என்று கை துறுதுறுத்தது. செய்து பார்த்தேன். மத்தியானம் போல ஆனது. உடனே பழையபடி மாற்றினேன். சாயங்காலத்தில் எடுத்தது சாயங்காலமாகவே இருக்கட்டும். கீழே இருட்டாகக் கிடந்த பகுதியை வெட்டிவிடலாம் என்றும் தோன்றியது. மேலே வானம் குறையாமல் சட்டத்துக்கு அளவு சரியாக வர வேண்டும் என்பதற்காக விட்டுவிட்டேன். என் கவனமெல்லாம் முகங்களில்தான் இருந்தது. சூலூர்பேட்டைக்கு ஒன்று, கவரைப்பேட்டை அறைக்கு ஒன்று என்று இரண்டு பிரதி போட்டு அனுப்பினேன்.

மழைக்காலம் முழுதாக முடிந்து பனி இறங்கத் தொடங்கிய சமயம், காக்களூர் எஸ்டேட்டில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். "அக்கா" என்று யாரோ கூப்பிட்டார்கள். ஏழுமலை. முகத்தில் சதை போட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போயிருந்தது. இங்கே என்ன செய்கிறாய் என்றேன்.

"இங்கதான்க்கா ஒரு சின்னக் கம்பெனில கீறேன். பகல் வேல. ஊடும் இங்கேயே மாத்திக்கினோம். சம்பளம் கம்மிதான். மேரியும் பக்கத்துக் கம்பெனிக்கு வந்துடுச்சு."

"குழந்தை?"

"கூட்டியாந்துட்டோம்." அப்படியே முகம் மலர்ந்தது. "பக்கத்து ஊட்டு அக்கா வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள எல்லாம் பாத்துக்கறாங்க. அங்க உட்டுட்டுப் போவோம். அஞ்சு மணிக்கெல்லாம் போயித் தூக்கிக்குவேன்."

சந்தோஷமாக இருந்தது. எப்படி இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். அவன் டீ கிளாஸைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நீங்க குடுத்த போட்டோதான்க்கா. புள்ள இல்லாத ஊட்ல பாக்கறதுக்கு வேற இன்னா கீது? டூட்டிக்குப் பொறப்படறப்ப தெனமும் பாப்பேன். புள்ள மூஞ்சியத்தான் பாப்பேன். ஒருநாள் கீழ பாத்தேன். என் கை புள்ள காலப் புடிச்சிக்கினு கீது. என் காலு ஒண்ணு பஸ் படியில கீது." கிளாஸைக் கீழே வைத்தான். "நான் நின்னுக்கினு இருந்தேன்னுதான்க்கா நெனச்சிக்கினு இருந்தேன். எல்லாரும் எங்களுக்கோசரம் நிக்கறாங்க, இன்ஜினயே ஆஃப் பண்ணிட்டாங்க, நான் மட்டும் ஏறிக்கினே இருந்திருக்கேன். தெனமும் அப்பிடித்தான் இருந்திருப்பேன் போலக்கீது. அன்னிக்கே மேரிகிட்ட சொல்லிட்டேன், இந்த நைட்டு வேல வேணாம்னு."

நான் அந்தக் காலைப் பார்த்ததே இல்லை. அத்தனை நேரம் அந்தப் படத்தோடு உட்கார்ந்திருந்தும் பார்த்ததில்லை. கதவு வெளிச்சம் கொஞ்சம் படியிலும் விழுந்திருந்ததால், அந்த இருட்டிலும் உற்றுப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு அது பதிவாகியிருக்கிறது. அந்தப் பகுதியைத்தான் நான் வெட்டிவிடப் பார்த்தேன். இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வெளிச்சம் குறைந்த இடத்தில் கேமரா நம்மைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். நாம் கவனிக்காதது அதில் இருக்கும். இருட்டாக இருக்கிறது என்பதற்காக எதையும் அவசரப்பட்டு எறியாதீர்கள். அதில் இருக்கிறவர்கள் வந்து பார்க்கட்டும்.

அன்று சாயங்காலம் அவன் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனான். பிங்கி இப்போது ஓடினாள். தெலுங்கு பேசுகிற சூலூர்பேட்டையில் இருந்துவிட்டு வந்ததில் அவளுக்கு அப்பா நைனா ஆகியிருந்தார். வாசலில் நிழலைக் கண்டதும் "நைனா, நைனா" என்று கத்திக்கொண்டு வந்து அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து மேரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் வானம் அதே நீலத்துக்கு வந்துகொண்டிருந்தது. வாசல் விளக்கை இன்னும் போடவில்லை. மூன்று பேரும் அந்த வெளிச்சத்தில் நின்ற விதத்தைப் பார்த்ததும் என் கை தானாகப் பைக்குள் போனது. கேமராவை வைக்க வாகாக ஒரு தண்ணீர்க் குடமும் கண்ணில் பட்டுவிட்டது.

மேரி பார்த்துவிட்டாள்.

"ஐய, அத உள்ள வைங்கக்கா. ஒக்காருங்க, டீ போடறேன். சாயங்காலம் எங்க ஓடிப்போவுது? நாளைக்கும் இந்நேரத்துக்கு மூணு பேரும் இங்கதான் இருப்போம்."

கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். பிங்கி வந்து மடியில் ஏறிக்கொண்டு என் காதைப் பிடித்துத் திருகினாள். நன்றாக இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.